தோள் மாற்றும் நேரம்

2017 மே 27, சனிக்கிழமை. இங்கிலாந்தில் திங்கட்கிழமையும் சேர்த்து மூன்று நாள் லீவு. பெட்டியும் பிள்ளைகுட்டியுமாக ஏர்போர்ட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு அதிர்ச்சி. பிரிட்டிஷ் ஏர்வேஸின் கம்ப்யூட்டர்கள் மொத்தமாகப் படுத்துவிட்டன. ஹீத்ரோவிலும் கேட்விக்கிலும் அன்றைய விமானங்கள் ரத்து. சுமார் 75,000 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். இதற்கான செலவு 8 கோடி பவுண்டு அளவுக்கு வரும் என்று தாய்க் கம்பெனியான ஐஏஜி கணக்குச் சொன்னது.

காரணம் ஹேக்கரும் இல்லை, வைரஸும் இல்லை. டேட்டா சென்டரில் ஒரு இன்ஜினியர் பவர் சப்ளையைத் துண்டித்தார், அது திரும்ப வந்தபோது தாறுமாறாக வந்து சர்வர்களைச் சேதப்படுத்திவிட்டது என்பதுதான் ஐஏஜி தலைவர் வில்லி வால்ஷ் கொடுத்த விளக்கம். இத்தனைக்கும் அங்கே பேட்டரி இருந்தது, ஜெனரேட்டரும் இருந்தது. பிறகு எப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், கூட்டாக வேலை செய்யும் யூபிஎஸ்கள் எப்போது, எப்படி ஆள் மாற்றிக்கொள்கின்றன என்ற இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரை இங்கே மறந்துவிடலாம். கரண்ட் போனதும் 'டக்' என்று சத்தம் போட்டு பேட்டரிக்குத் தாவுகிற சாதி அது. பெரிய கம்ப்யூட்டர் கூடங்களில் இருப்பது ஆன்லைன் யூபிஎஸ். உள்ளே வரும் ஏசி மின்சாரத்தை ரெக்டிஃபையர் டிசியாக்கும், அந்த டிசியை இன்வெர்ட்டர் மறுபடி சுத்தமான ஏசியாக்கும். பேட்டரி நடுவில் டிசி பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். மெயின்ஸ் போனால் ரெக்டிஃபையர் நிற்கும், பேட்டரி கொடுக்கும், வெளியே எந்த மாற்றமும் தெரியாது. எல்லாரும் பயப்படுகிற "பேட்டரி மோடு" உண்மையில் ரொம்ப சாதுவான மாற்றம்.

வில்லங்கம் இன்னொரு மாற்றத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பெயர் பைபாஸ். இன்வெர்ட்டர் கெட்டுப்போனாலோ, தாங்க முடியாத சுமை வந்தாலோ, தைரிஸ்டரால் ஆன ஸ்டேடிக் ஸ்விட்ச் ஒன்று திறந்து, மெயின்ஸை நேரடியாக சர்வருக்குக் கொடுத்துவிடும். இடைவெளி தெரியாமல் மாற வேண்டுமானால் இன்வெர்ட்டரின் அலையும் மெயின்ஸின் அலையும் ஒரே தாளத்தில் ஏறி இறங்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலைக்கு 20 மில்லிசெகண்ட். அதனால் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும் நேரத்திலும் மெயின்ஸின் அலையைப் பார்த்துப் பார்த்து அதோடு ஒட்டியே ஓடும். மெயின்ஸ் எல்லை தாண்டி ஆடினால், "நீ எக்கேடும் கெட்டுப் போ" என்று தன் சொந்தக் கடிகாரத்துக்கு மாறிக்கொள்ளும். அந்த நேரத்தில் பைபாஸ் கதவு அடைபட்டுவிடும். மீறித் திறந்தால் மின்சாரம் ஒரு கணமாவது அறுபடும்.

இதுவரை ஒரே ஒரு யூபிஎஸ் கதை. மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வயரில் கட்டினால்?

கோயிலில் பல்லக்குத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் புரியும். எல்லாரும் ஒரே நடை நடக்க வேண்டும். ஒருவர் அரை அடி முந்தினால் பாரம் அவர் தோளில் ஏறிவிடும். இங்கேயும் அப்படியே. மூன்று இன்வெர்ட்டரில் ஒன்றின் அலை இம்மியளவு முந்தினால் அதிகச் சுமையை அது தலையில் வாங்கிக்கொள்ளும். ரொம்பவும் முந்தினால் பக்கத்து யூபிஎஸ்ஸுக்குள்ளேயே மின்சாரத்தைத் தள்ள ஆரம்பித்துவிடும். அதனால் அவற்றுக்குள் ஒரு கன்ட்ரோல் கேபிள் ஓடுகிறது. ஒரு இடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாகச் செய்தி போக வேண்டும் என்று பல கம்பெனிகள் அதை வளையமாகக் கட்டுகின்றன. யார் தாளம் போடுவது, யார் பின்பாட்டு என்பதெல்லாம் அந்தக் கேபிளில் முடிவாகும். தாளம் போடுகிறவர் விழுந்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.

பைபாஸ் விஷயத்தில் ஒரு கறாரான விதி உண்டு. போனால் எல்லாரும் சேர்ந்து போக வேண்டும். ஒன்று பைபாஸிலும் மற்ற இரண்டு இன்வெர்ட்டரிலும் இருந்தால், ஊர் மின்சாரமும் இன்வெர்ட்டர் மின்சாரமும் ஒரே வயரில் மல்லுக்கட்டும். ஜெயிப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஒரு யூபிஎஸ்ஸின் இன்வெர்ட்டர் கெட்டால் அது பைபாஸுக்குப் போகாது. சில மில்லிசெகண்டில் தன்னைத்தானே கழற்றிக்கொண்டு ஒதுங்கிவிடும். மீதி இருப்பவர்களால் தாங்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. முடியும் என்றால் எதுவும் நடக்காதது போல ஓட்டம் தொடரும். முடியாது என்றால் கொஞ்ச நேரம் முக்கி முனகிவிட்டு அத்தனை பேரும் ஒரே கணத்தில் பைபாஸுக்குத் தாவுவார்கள்.

இங்கே காமர்ஸ் படிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காரலாம் :-) 1932-ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொல்வது இதே சமாச்சாரம்தான். கடனுக்குப் பங்காளிகள் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. ஒருவர் கைவிரித்தால் அவர் பங்கு மற்றவர் தலையில்.

100 கிலோவாட் யூபிஎஸ் மூன்று, சுமை 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 60. ஒன்று போனால் ஆளுக்கு 90, கவலையில்லை. பிறகு மாதாமாதம் இரண்டு சர்வர் சேர்கிறது. சுமை 220 ஆகிறது. ஆளுக்கு 73. எல்லா விளக்கும் பச்சை, எந்த அலாரமும் அடிக்கவில்லை, மேனேஜருக்கு நிம்மதி. ஆனால் ஒன்று போனால் ஆளுக்கு 110! தாங்காது. வாங்கும்போது காசு கொடுத்து வாங்கிய உபரி எப்போதோ செலவாகிவிட்டது. பேலன்ஸ் ஷீட்டின் அடிக்குறிப்பில் கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி என்று ஒன்று எழுதுவார்களே, அதாவது எழுதுவார்கள். இங்கே அதுவும் கிடையாது.

இன்னொரு கூத்து, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நிமிடம். மூன்று யூபிஎஸ்ஸும் பேட்டரியில், சொந்தக் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஜெனரேட்டர் இன்னும் மூச்சு வாங்கி நிலைக்கு வரவில்லை. இன்வெர்ட்டர்கள் ஜெனரேட்டரின் அலையை மெதுவாகத்தான் துரத்திப் பிடிக்கும், வெடுக்கென்று தாவினால் சர்வர்களுக்கு ஆகாது. பிடிக்கிற வரை பைபாஸ் கிடையாது. ரெக்டிஃபையர்கள்கூட எல்லாம் சேர்ந்து பாயாமல் ஒன்றன்பின் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்றும். பாவம், ஜெனரேட்டர் தடுமாறக்கூடாதே. அந்த நிமிடத்தில் ஒரு இன்வெர்ட்டர் கெட்டு, மற்றவற்றுக்கும் சுமை மிஞ்சினால் தப்பிக்க வழி இல்லை.

இந்தத் தாளம் சேர்கிற வேலை அலமாரி அளவில் மட்டும் நடப்பதில்லை. தென்னிந்திய மின் கிரிட் 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாக மற்ற இந்தியாவோடு இணைந்தது. அதுவரை இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் தாளம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே கிரிட் சரிந்தபோது தெற்கு அதோடு சேர்ந்து விழாததற்கு அதுவும் ஒரு காரணம்.

செலவைக் குறைக்க ஈகோ மோடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எப்போதும் பைபாஸிலேயே ஓட்டுவது, கோளாறு வந்தால் மட்டும் இன்வெர்ட்டருக்கு ஓடிவருவது. 200 கிலோவாட் சுமைக்கு, திறன் 95 சதவீதத்திலிருந்து 99 ஆனால் 8.5 கிலோவாட் மிச்சம். வருடத்துக்கு 74,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 6 லட்சத்துக்குப் பக்கம். கணக்கு சரிதான். ஆனால் கோளாறு வரும் நொடியில் மூன்று பேரும் சில மில்லிசெகண்டுக்குள் சேர்ந்து தாவியாக வேண்டும். அந்த நொடிக்கு விலை போடுவது எப்படி என்பது எந்த காஸ்டிங் புத்தகத்திலும் இல்லை.

இத்தனை மாற்றங்களையும் மெஷின்கள் தாமாகவே செய்துகொள்கின்றன. மனிதக் கை படுவது மெயின்டனன்ஸ் பைபாஸில். யூபிஎஸ்களைக் கழற்றிச் சரிபார்க்க, அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு ஸ்விட்ச். வரிசை முக்கியம். முதலில் எல்லா யூபிஎஸ்ஸையும் ஸ்டேடிக் பைபாஸுக்கு அனுப்பி, எல்லாம் போய்விட்டதா என்று பார்த்து, அப்புறம்தான் மெயின்டனன்ஸ் ஸ்விட்சைப் போட வேண்டும். அதற்கும் பிறகுதான் யூபிஎஸ் வெளிவழிகளைத் திறக்கலாம். இன்வெர்ட்டர் ஓடும்போதே ஸ்விட்சைப் போட்டால் மெயின்ஸோடு நேரடி மோதல். மாற்றுவழி போடாமல் வெளிவழியைத் திறந்தால் மொத்தக் கூடமும் இருட்டு.

அதனால் நல்ல இடங்களில் இந்த வேலையை ஆள் நடமாட்டம் இல்லாத நள்ளிரவில் இரண்டு பேராகச் செய்வார்கள். ஒருவர் பேப்பரைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் சத்தமாகப் படிப்பார். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஸ்விட்சில் கை வைப்பார். ஸ்விட்சில் பூட்டு இருக்கும். முந்தைய படி முடிந்தால்தான் அந்தப் பூட்டின் சாவி வெளியே வரும்.