சிவக்காத தோல்

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாக்களில் என் மனைவியிடம் இப்போது இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. "நர்ஸுக்கு எதுக்கும்மா பிஎச்டி?" என்பது ஒன்று. "முடிச்சா டாக்டராயிடுவீங்களா?" என்பது மற்றொன்று. இரண்டாவதற்குச் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். முதல் கேள்விக்கான பதில் சாப்பாட்டு வரிசையில் நின்று சொல்லி முடிக்கக்கூடியதல்ல.

அவள் மார்த்தாண்டத்துக்காரி. 19 ஆண்டுகளாக நர்ஸ். அதில் 12 ஆண்டுகள் பென்சில்வேனியாவில், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். நான் மென்பொருள் ஆலோசகன். இங்கே வந்து எம்எஸ் படித்தவன். உள்ளதைச் சொன்னால், அந்தப் பட்டம் எனக்கு வேலைக்கும் விசாவுக்குமான டிக்கெட். 42 வயதில் அவள் எடுத்துக்கொண்டது அந்த வகைப் படிப்பல்ல. முடித்துவிட்டுக் கற்பிக்கப் போனால் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகவே சம்பளம் வரலாம். இங்கே நர்சிங் ஆசிரியர்கள் பலருடைய நிலை அதுதான்.

நர்சிங்கில் முனைவர் பட்டம் இங்கே இரண்டு வகை. டிஎன்பி என்பது 2004-ல் அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் அதை முன்மொழிந்த பிறகு வேகமாகப் பரவியது. இருக்கிற ஆய்வுகளை வார்டுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. பிஎச்டி புதிதாக ஆய்வு செய்வதற்கு. தோழிகள் எல்லோரும் டிஎன்பி என்றார்கள். சீக்கிரம் முடியும், கையில் காசும் கூடும். "எனக்கு இருக்கிற கேள்விக்கு முழுசா பதிலே கிடைக்கல. எதைக் கொண்டுபோய் வார்டுல செய்ய?" என்றாள் இவள்.

கேள்வி படுக்கைப்புண் பற்றியது. புரண்டு படுக்க முடியாத நோயாளிக்குக் குதிகாலிலும் முதுகின் அடியிலும் எலும்பு அழுத்தி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சதை சாகிறது. முதல் கட்டத்தில் தோல் கிழிவதில்லை, சிவக்கிறது. விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்பதே பாடப்புத்தக வரையறை. அப்போதே கண்டுபிடித்தால் காலைத் தூக்கி வைத்து, அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்துக் காப்பாற்றிவிடலாம்.

ஒருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் என் முன்கையைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். "வெளுத்துச்சா?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கடியில் நீட்டிப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. "சிவந்தாலும் இப்படித்தான், தெரியாது" என்றாள். அவள் விரித்துக் காட்டிய பாடப்புத்தகத்தில் எல்லாமே இளஞ்சிவப்புக் குதிகால்கள். என் நிறத்தில், திருச்சியில் இருக்கும் என் அம்மாவின் நிறத்தில் ஒன்றுகூட இல்லை. 2016-ல் திருத்திய வரையறையில், கறுத்த தோலில் இது வேறு விதமாகத் தோன்றக்கூடும் என்ற குறிப்பு உண்டு. சரி, எந்த விதமாக? அதிகாலை மூன்று மணிக்கு டார்ச்சோடு நிற்கிறவளுக்கு அதைச் சொல்ல வேண்டாமா?

அவளை இந்தப் படிப்புக்குள் தள்ளியது ஒரு கறுப்பின மூதாட்டியின் குதிகால். (பெயரோ வேறு எதுவுமோ எனக்குத் தெரியாது, நோயாளி விவரங்களை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் அவளுக்கு இல்லை.) தொட்டபோது மாவு மாதிரி கொழகொழவென்று, மற்ற காலைவிடச் சூடாக இருந்திருக்கிறது. கணினிப் படிவத்தில் "சிவப்பு: உண்டு / இல்லை" என்று இரண்டே தேர்வுகள். "இல்லை" என்று குறித்துவிட்டு, கீழே குறிப்புப் பெட்டியில் தான் தொட்டு உணர்ந்ததை எழுதினாள். அந்தப் பெட்டியை யார் படிக்கிறார்கள்? நான்கு நாளில் புண் திறந்தது. பிறகு நடந்த விசாரணையில், முதல் கட்டம் பதிவாகவே இல்லை என்று முடித்தார்கள்.

இந்த இடம் என் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் நிற்கிறேன். கட்டத்தில் விழுந்ததை எண்ணலாம். விழாதது நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. குறிப்புப் பெட்டிகளையெல்லாம் ஒரு சின்ன நிரலால் அள்ளித் தரவா என்று கேட்டேன். "முதல்ல நெறிக்குழு அனுமதி வேணும். அதுக்கப்புறமும் உங்க கையில வராது" என்றாள். அந்த அனுமதிக்கே ஐந்து மாதம் ஆனது.

ஆய்வுத் திறன் என்றால் புள்ளியியல் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பாதிக்காலம் செலவழித்தது ஒரே ஒரு சந்தேகத்தில்: இரண்டு நர்ஸுகள் தனித்தனியே ஒரே குதிகாலைத் தொட்டால் ஒரே விடை சொல்வார்களா? 100 பேரில் 95 பேருக்கு இருவரும் கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" என்று எழுதினாலே சுமார் 90 சதவீதம் ஒத்துப்போய்விடும். அந்தக் குருட்டு ஒற்றுமையைக் கழித்துப் பார்க்க 1960-ல் ஜேக்கப் கோஹன் ஓர் அளவையைத் தந்தார். கப்பா என்று பெயர். கைக்குத் தெரிந்தது இன்னொரு கைக்கும் தெரிகிறது என்று காட்டினால்தான் அது படிவத்தில் ஏறும்.

இப்படி ஏறியதும் உண்டு. ஆள் குறைந்தால் நோயாளிதான் சாகிறார் என்பது நர்ஸுகளுக்கு எப்போதும் தெரியும். நர்ஸாக இருந்து ஆய்வாளரான லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-ல், இதே பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து, ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் கூடுவதைக் காட்டினார்கள். அதுவரை புலம்பலாகக் கேட்கப்பட்டது அதன்பின் சான்றாகப் பேசப்பட்டது.

இவளுக்கு 120 நோயாளிகள் வேண்டும். இதுவரை 53. சனிக்கிழமைச் சமையல் மகனுடையது. தோசை இன்னும் வட்டமாக வரவில்லை.

அம்மா பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதமாகிறது. ஞாயிறு காலை வீடியோ அழைப்பில் நான் பேசி முடித்ததும் இவள் போனை வாங்கிக்கொள்வாள். "அத்தை, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம், "புறங்கையால ரெண்டு குதிகாலையும் தொட்டுப் பாரும்மா" என்பாள். போன வாரம் அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடது கால் மட்டும் வெதுவெதுன்னு இருக்குதுக்கா, ஆனா செவப்பா ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"செவப்பைப் பாக்காத. கெண்டைக்காலுக்கு அடியில தலகாணிய வை. குதிகால் எதுலயும் படாம நிக்கணும். வச்சுட்டு எனக்குக் காட்டு."