அசையாத மேடை

வீடு என்பது கூரையும் சுவரும் மட்டுமன்று. அங்கு வாழும் முதியவர் அச்சமின்றி அடியெடுத்து வைக்கும் தரையும் சேர்ந்ததே வீடு. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது எங்கள் கொல்லைப்புறத்தில் அமைந்த ஒரு சிறு மரமேடை.

எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கும் கொல்லையின் சிமெண்டுத் தரைக்கும் இடையே 15 அங்குலப் பள்ளம் உண்டு. 78 வயதான என் அப்பாயிக்கு முழங்கால் வலி மிகுந்தபின் அப்பள்ளம் பெரும் அகழியாகிவிட்டது. “இறங்காதீங்க அத்தை, விழுந்திடுவீங்க” என்று என் தாயார் நாள்தோறும் தடுப்பார். தம் கையால் நட்ட முருங்கையையும் கறிவேப்பிலையையும் சன்னல் வழியே பார்ப்பதோடு அப்பாயி நின்றுவிட்டார்.

தரையையே உயர்த்திவிடலாம் என்றார் கொத்தனார். ஆனால் பாத்திரம் துலக்கும் நீர் ஓடும் வாட்டம் அதனால் கெட்டுவிடும். மரமேடையாயின் நீர் அதன் அடியிலேயே ஓடிவிடும் அன்றோ? எனவே பழைய தேக்குச் சட்டங்களைக் கொண்டு, 6 அடி நீளமும் 4 அடி அகலமுமாக மேடை செய்யத் தச்சர் ஒருவர் வந்தார். கையாளாக நின்றவன் நான்.

“இவ்வளவு கனமான மேடையைத் தரையோடு பிணைக்கத்தான் வேண்டுமா?” என வினவினேன். “வயசானவங்க கம்பியைப் பிடிச்சு ஏறும்போது பாரம் பக்கவாட்டில இழுக்கும் தம்பி. ஒரு நூல் நகர்ந்தாலும் அவங்களுக்குப் பயம் வந்திடும். அப்புறம் ஏறவே மாட்டாங்க” என்றார் அவர்.

மேடையின் கால்களை அவர் தரையில் நேரே ஊன்றவில்லை. மரத்தின் வெட்டுமுனை ஈரத்தை உறிஞ்சி உளுத்துப்போகும் என்பதால், ஒவ்வொரு காலையும் தரைக்கு ஓரங்குலம் மேலே நிற்குமாறு இரும்புத் தாங்கியில் பொருத்தினார். பழைய வீடுகளில் மரத்தூணின் அடியில் கல் வைத்ததும் இதற்காகவே.

பிறகு தாங்கிகளைத் தரையோடு பிணைத்தார். ஓரத்தில் துளையிட்டால் சிமெண்டு வெடிக்குமென்று, விளிம்பிலிருந்து அரை அடிக்கும் அதிகமாகத் தள்ளியே துளையிட்டார். துளைக்குள் இருந்த தூசியை ஊதி ஊதி வெளியேற்றினார்; தூசி தங்கினால் பிடிப்பு இராதாம். ஆங்கர் போல்ட்டை இறக்கி நட்டை முறுக்க முறுக்க, அதன் அடிப்பகுதி விரிந்து துளைச் சுவரை இறுகப் பற்றிக்கொண்டது. மேற்பலகைகளுக்கு இடையிலோ கால் அங்குல இடைவெளி விட்டார். மழைநீர் வடியவும், ஈரத்தில் பலகை உப்பவும் இடம் வேண்டுமல்லவா?

மேடையிலிருந்து தரைக்கு இறங்க, 5 அங்குல உயரத்தில் படிகளும் கைப்பிடியும் அமைந்தன. அப்பாயி கைப்பிடியை இருமுறை ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை. பின்னர் யார் துணையுமின்றி இறங்கிச் சென்று, அன்றைய ரசத்துக்குத் தாமே கறிவேப்பிலை கிள்ளி வந்தார்.

முதியவரைப் பேணுவது என்றால் அவரை ஓரிடத்தில் உட்கார்த்தி வைப்பது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். விழாமல் காக்க விரும்பி, நடக்கவே விடாமல் செய்துவிடுகிறோம். அவர் காலடியில் உள்ளதை உறுதியாக்கிவிட்டு வழிவிடுவதே உண்மையான பேணுதல். மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பின்வாசற்படியையும் ஒருமுறை பாருங்கள். அதைத் தாண்ட இயலாமல் அங்கே யாரேனும் நின்றுகொண்டிருக்கக்கூடும்.