ஔவுக்குப் பிறகு என்ன?

நண்பர் ஒருவரின் சங்க விழா மலரை இணையப் பக்கமாக மாற்றித் தருகிறேன் என்று வாய்கொடுத்து மாட்டிக்கொண்டேன். மலரில் ஒரு பொது அறிவுப் புதிர்ப்போட்டி இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அ, ஆ, இ, ஈ என நான்கு விடைகள். எல்லாவற்றையும் எளிய எழுத்துக் கோப்பாக்கி, பாண்டாக் என்ற கட்டற்ற மாற்றி மென்பொருளிடம் கொடுத்தேன். வெளிவந்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். மறுநாள் நண்பரின் தந்தை தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, கேள்வியெல்லாம் இருக்கு. பதில்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு."

நான்கு விடைகளும் ஒரே பத்தியாகிவிட்டிருந்தன. அதே இடத்தில் ஆங்கில ஏ, பி, சி, டி போட்டுப் பார்த்தேன். அழகான பட்டியல் வந்தது!

பாண்டாக்கைக் குறை சொல்வதில் பொருளில்லை. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஜான் மக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்டு, இலவசமாகவே உலகுக்குக் கொடுத்த மென்பொருள் அது. அதற்குத் தெரிந்த பட்டியல் வரிசைகள் மூன்று: 1, 2, 3 என்னும் இலக்கம், இலத்தீன் எழுத்து, ரோமன் எண். நம் வரிசையை யாராவது சொல்லியிருந்தால்தானே அதற்குத் தெரியும்? அதே 2006இல் வெளியான வேர்டு கோப்புத் தரநிலையையும் புரட்டிப் பார்த்தேன். பட்டியல் எண்களில் இந்திக்கு நான்கு வகை, தாய்லாந்து மொழிக்கு மூன்று வகை. தமிழுக்கு ஒன்றுமில்லை.

நல்லவேளையாகப் பாண்டாக்கில் 2017 முதல் லுவா என்ற சிறு நிரல்மொழியில் நாமே ஒரு வடிகட்டி எழுதிச் செருக முடிகிறது. "அ." என்று தொடங்கும் வரியைக் கண்டால் பட்டியலாக்கு என்று இரண்டே இரவில் எழுதிவிட்டேன். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே! "தமிழ் நிரலர்கள் தேவை, தொண்டூழியம்" என்று வளாகத்தில் அறிவிப்பு ஒட்டினேன். இருவர் வந்தார்கள். ஒருவர் சம்பளம் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். இன்னும் அந்த வாரம் வரவில்லை.

1995இலேயே சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய ஊர் இது. அதில் தமிழுக்காகப் பாடுபட்ட நா. கோவிந்தசாமி கணினி படித்துவிட்டு வந்தவரல்லர், தமிழாசிரியர், எழுத்தாளர். அது நினைவுக்கு வந்தபோதுதான் நான் தேடிய ஆட்களே தவறு என்று பட்டது.

அடுத்த ஞாயிறு தேக்கா நிலைய உணவங்காடியில், ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேசையில் ஓர் அட்டை: "அ, ஆ, இ... ஔவுக்குப் பிறகு என்ன?" கால்மணி நேரத்தில் மேசையில் இடமில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "இதிலென்ன சந்தேகம்? உயிர் பன்னிரண்டு, அடுத்து ஆய்தம். அகராதி வரிசையைப் பாருங்கள்" என்றார். துணைப்பாட வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர், "பட்டியலில் ஃ போட்டால் அடுப்புக்கல் மாதிரி இருக்கும் ஐயா, க தான் வரவேண்டும்" என்றார். அப்படியானால் அதற்கடுத்து ங வரவேண்டுமே என்று இன்னொருவர் சிரித்தார். புதுக்கோட்டையிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்திருந்த தம்பி, "எங்களுக்குப் பரீட்சையில ஈயோட நின்னுடும்ணே" என்றார். உண்மைதான், நம்மில் பலருக்கும் அப்படித்தான். கணினியைக் கேட்டால் அதற்கு வேறு வழி. இணைய உலாவியிடம் பன்னிரண்டு உயிரெழுத்துகளை அகரவரிசை முறையில் கொடுத்தால், பதின்மூன்றாவதாக "அஅ" என்று போடும்.

அந்தக் காலத்தில் அச்சுக்கோத்த பெரியவர் ஒருவர் என் தாளை வாங்கித் தமிழ் எண்களை எழுதினார். பதினொன்றுக்கு ௰௧ என்றார். பழைய முறையில் பத்துக்கே தனிக்குறி உண்டு, சுழியம் கிடையாது. உலாவிகள் அறிந்த தமிழ் எண் வரிசையோ ௧௧ என்று எழுதும். தமிழுக்கான சுழியம் யூனிகோடில் சேர்ந்ததே 2005இல்தான். மொரீசியஸ் பண நோட்டுகளில் தமிழ் எண்கள் இன்றும் இருக்கின்றன என்று பெரியவர் பெருமையாகச் சொன்னார். எனக்கும் ஆசைதான். ஆனால் ௮ என்றால் எட்டு, அ என்றால் முதலெழுத்து. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்போது, ஒரே ஆவணத்தில் இரண்டையும் வைத்தால் படிப்பவர் பாடு என்னாவது? இலக்கத்துக்கு 1, 2, 3 போதும், எழுத்து வரிசை மட்டும் தமிழில் என்று முடிவு செய்தேன். பெரியவருக்கு வருத்தம்.

அன்று ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அவர்களில் கணக்கியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் மூன்றே நாளில் எழுதினார்: "அண்ணா, பட்டியல் ஓவோடு நின்றுவிடுகிறது." என் கணினியில் சரியாகவே வந்தது. அவர் கோப்பை வாங்கி ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்தபோதுதான் தெரிந்தது: அவர் ஔ தட்டவில்லை, ஒ தட்டி, பக்கத்தில் ள தட்டியிருந்தார். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ முன்னது ஓர் எழுத்து, பின்னது ஈரெழுத்து. போதாக்குறைக்கு, ஒவுடன் ௗ என்ற நீட்சிக் குறியைச் சேர்த்து ஔ ஆக்கும் மூன்றாவது வழியும் யூனிகோடில் உண்டு.

"தப்பாகத்தான் அடித்துவிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லைம்மா, எத்தனையோ பேர் அடிப்பதைத்தான் நீயும் அடித்திருக்கிறாய். நான்தான் யோசிக்கவில்லை."

இப்போது மூன்று விதமாக வந்தாலும் வடிகட்டி ஏற்றுக்கொள்கிறது. வெளியே ஒரே ஔவாக அனுப்புகிறது. இதை நானே உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பேனா? மாட்டேன். எனக்குச் சரியாகத் தட்டத் தெரியும், அதுதான் தொல்லை.

ஔவுக்குப் பிறகு வருவதை வாக்கெடுப்புக்கு விட்டோம். நான்கு பேர் க, மூவர் ஃ. தோற்றவர்களில் நானும் ஒருவன். ஆகவே க இயல்பாக வரும்; ஃ வேண்டுவோர் ஒரு வரியை மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியர் ஐயா இதை ஏற்கவில்லை. வாரம் ஒருமுறை ஏதாவதொரு பழைய நூலின் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார்.

அடுத்த வேலை உட்பிரிவுகள். 1, அதற்குள் அ, அதற்குள் என்ன? நம் மலர்களிலும் வினாத்தாள்களிலும் முன்னோர் எப்படிப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். வீட்டு அலமாரியில் பழைய தேர்வுத்தாள், சங்க விதிமுறைகள், கூட்டக் குறிப்புகள் என்று எது கிடந்தாலும் எடுத்து வாருங்கள். ஞாயிறு மாலை தேக்காவில் அதே மேசையில் இருப்போம். கோப்பி என் செலவு.