ஊதா மலை பார்த்திருக்கீங்களா?

காலேஜ் டூர்ல மணாலி போறீங்களா? சுமார் 20 கிலோமீட்டர் முன்னாடியே நக்கர்ல இறங்கிடுங்க. ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிச் (நடிகை தேவிகா ராணியோட மாமனார்!) 1928-லிருந்து 1947-ல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கு.

உள்ளே சுவர்ல இமயமலை. கத்தரிச்சு ஒட்டின கலர் பேப்பர் மாதிரி நீலம், ஊதா, ரோஸ்னு பட்டை பட்டையா! 'தங்கச்சி டிராயிங் நோட்டு மாதிரி இருக்கே'னு சிரிச்சேன். நீங்க அவசரப்படாதீங்க. அடியில எறும்பு சைஸ்ல மனுஷன் இருக்கானானு முதல்ல தேடுங்க. அவன் கிடைச்சாதான் மலையோட உயரம் உறைக்கும்.

சாயங்காலம் வெளியே வந்தா, எதிர்மலையில வெயில் இறங்குது. மரம், பாறை எல்லாம் மறைஞ்சு, கீழே நீலம், நடுவுல ஊதா, நுனி மட்டும் ரோஸ். அதே படம்! திரும்ப உள்ளே ஓடினேன். பூட்டிட்டாங்க. எங்க பஸ்ஸோ அன்னிக்கு ராத்திரியே.