லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு தேர்

"மாப்ளே, ராத்திரி பஸ் ஏறி காலையில வந்துடறேன். இழைப்பு மெஷின் ஒண்ணு வாங்கணும். நீங்க கூட இருந்தா தெம்பா இருக்கும்" என்று திருவாரூரிலிருந்து மச்சான் ஃபோன் பண்ணினார்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே மெஷின் கால்குலேட்டர். ஆனால் மனைவியின் அண்ணன் 'தெம்பு' என்று சொன்ன பிறகு, 'எனக்கு அதெல்லாம் தெரியாது மச்சான்' என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்?

மச்சான் தச்சு வேலைக்காரர். பன்னிரண்டு வயசில் இழைப்புளி பிடித்தவர். முப்பத்தைந்து வருஷமாகத் தேக்கையும் வேங்கையையும் இழைத்ததில் வலது தோள்பட்டை தேய்ந்துவிட்டது. டாக்டர், "இனிமே இழைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். நாதஸ்வரக்காரரிடம், 'இனிமே ஊதாதீங்க' என்கிற மாதிரி! அதனால்தான் மெஷின். அக்காவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போய், ரூபாயாக மாறி, மச்சானின் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

"எப்படிப்பட்ட மெஷின் வேணும் மச்சான்?"

"நல்ல கனமா இருக்கணும். ஆனா சுலபமா நகரணும்."

சம்பளம் கனமாக இருக்கணும், வேலை லேசாக இருக்கணும் என்று நாமெல்லாம் கேட்பதில்லையா, அந்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் பிரச்னை நிஜம். பட்டறை என்பது வீட்டுத் திண்ணையும் பக்கத்தில் ஒரு சந்தும்தான். பகலில் சந்தில் வேலை. பொழுது சாய்ந்தால் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றியாக வேண்டும். கனம் இல்லாத மெஷின் ஆடும். ஆடினால் பலகையில் அலை அலையாகக் கோடு விழும். கனமான மெஷினோ, வைத்த இடத்தை விட்டு அசையாது.

பாரிமுனையில் இறங்கி, ஹைகோர்ட்டுக்கு எதிரே புகுந்தோம். முதலில் தம்புச் செட்டித் தெரு. காளிகாம்பாளைப் பார்க்காமல் மச்சான் கடை ஏற மாட்டார். விஸ்வகர்மா மக்கள் பரம்பரையாகப் போற்றி வரும் கோயில். 1677-ல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து கும்பிட்டதாகச் சொல்வார்கள். அவர் ராஜ்ஜியம் கேட்டிருப்பார். மச்சான் கண்ணை மூடி நின்றபோது உதடு முணுமுணுத்ததை ஒட்டுக் கேட்டேன். "தாயே, ஆடாத மெஷினாக் காட்டு!"

அடுத்த தெருதான் லிங்கிச் செட்டித் தெரு. ஒரு காலத்து வணிகரின் பெயரைச் சுமக்கும் தெரு. இப்போது மோட்டார், பெல்ட், பேரிங், போல்ட் எல்லாவற்றையும் சுமக்கிறது. பிளாட்பாரத்தில் நடக்க இடமில்லை. ரோட்டில் நடந்தால் மீன்பாடி வண்டி முதுகில் முட்டும். கிரீஸ் வாசனையும் ஃபில்டர் காபி வாசனையும் கலந்து அடிக்கும் இந்தத் தெருவில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரே முட்டாள் நான்தான்.

முதல் கடையில் ஒரு ராட்சசன். முழுக்க வார்ப்பிரும்பு, முந்நூறு கிலோவுக்கு மேல். மூன்று ஹெச்.பி. மோட்டார். மச்சான் அதன் மேஜையைத் தடவிய விதம், பொங்கலுக்கு மாட்டைத் தடவுகிற மாதிரி இருந்தது. "த்ரீ ஃபேஸ் கரெண்ட் வேணும்" என்றார் கடைக்காரர். மச்சான் வீட்டில் சிங்கிள் ஃபேஸ். கையை எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது கடையில் நேர் எதிர். நாற்பது கிலோவுக்குள். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஸ்விட்சைப் போட்டதும் தெருவே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு கத்தல்!

"இது மிக்ஸி ஜாதி மாப்ளே. கார்பன் பிரஷ் வெச்ச மோட்டார். வேகமாச் சுத்தும், காது கிழியும். பெரிய மெஷின்ல இருக்கறது இண்டக்ஷன் மோட்டார். அது கிரைண்டர் ஜாதி. சத்தம் போடாம நாள் பூரா அரைக்கும்."

அரைமணி நேரத்தில் எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது.

விற்பனைப் பையன் விடவில்லை. "ஸார், நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்து!" என்றான். மச்சான் மடியிலிருந்து பழைய, தடித்த ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்தார். மெஷின் மேஜையில் விளிம்பில் நிறுத்தினார். "போடு தம்பி." போட்டான். காசு ஒரு நடனம் ஆடி விழுந்தது.

"ஸ்டாண்டு சரியில்லை ஸார்" என்றான் பையன். இருக்கலாம். கல்யாண வீடுகளுக்கும் சைட்டுகளுக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு அது நல்ல மெஷின்தான். மச்சானுக்கு அலைச்சல் திண்ணைக்கும் சந்துக்கும்தானே!

மூன்றாவது கடை ஒரு சந்துக்குள் இருந்தது. நூற்றறுபது கிலோ, வார்ப்பிரும்பு மேஜை, சிங்கிள் ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டார். அடியில் இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம், நாலு சக்கரம். கடையின் வயசான ஃபிட்டர் ஒரு கையால் தள்ள, மெஷின் கோயில் யானை மாதிரி சாதுவாக நடந்து வந்தது. மச்சான் முகத்தில் வெளிச்சம். காசை நிறுத்தினார். ஸ்விட்ச்... காசு விழுந்தது. வெளிச்சமும் அணைந்தது.

ஃபிட்டர் சிரித்தார். காலால் ஒரு பெடலை அமுக்கினார். 'டக்'கென்று சக்கரங்கள் மேலே போக, மெஷின் தன் சொந்தக் காலில் தரையில் உட்கார்ந்தது. "இப்ப வைங்க காசை."

மோட்டார் ஓடியது. ஐந்து ரூபாய் அசையவில்லை.

"ஓடும்போது சக்கரம், உழைக்கும்போது தரை. ரெண்டும் ஒரே நேரத்துல கூடாதுங்க" என்றார் ஃபிட்டர்.

மச்சான் என் தோளைத் தட்டினார். "எங்க ஊருத் தேர்தான் மாப்ளே இது!" திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி, சுமார் 300 டன் என்பார்கள். பல வருஷம் நிலையிலேயே நின்று, 1970-ல் மறுபடி ஓடிய தேர். திருச்சி பெல் நிறுவனத்து ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும், திருப்ப முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இல்லாமல் ஆகாது. "கனம் தப்பில்லை. நகர்த்தவும் தெரியணும், நிறுத்தவும் தெரியணும்" என்றார் மச்சான்.

அதற்குள் நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்தக் குட்டி மெஷினில் இரண்டு பிளேடு. எட்டாயிரம் சுற்றில் 16,000 வெட்டு. நிமிஷத்துக்கு 25 அடி, அதாவது 300 இஞ்ச் மரம் உள்ளே போனால் இஞ்சுக்கு 53 வெட்டு. இதில் 4,500 சுற்றுதான். ஆனால் மூன்று பிளேடு, 13,500 வெட்டு. மரம் போவது 20 அடி, 240 இஞ்ச். இஞ்சுக்கு 56! கத்தாத மெஷின் இன்னும் வழவழப்பாக இழைக்கிறது. மச்சான் என்னை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார்.

அந்த மரியாதை ஐந்து நிமிஷம் நீடித்தது. சட்டத்தில் இருந்த சக்கரங்கள் பழசு; வேறு போடவேண்டும் என்றார் ஃபிட்டர். "160 கிலோ, நாலு சக்கரம். ஆளுக்கு 40 கிலோ தாங்கினால் போதும்" என்று விலை குறைந்ததைக் காட்டினேன்.

"நாலு கால் ஸ்டூல் ஆடிப் பார்த்ததில்லையா ஸார்? மேடு பள்ளத்துல எப்பவும் ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்கும். மூணால வகுங்க. அதுக்கு மேல வாங்குங்க. வாசப்படி ஏறணும்னா சக்கரமும் பெரிசா இருக்கணும்."

மூன்றால் வகுத்தேன். 53 கிலோவுக்கு மேல். 75 கிலோ தாங்கும் பெரிய சக்கரங்களாக நான்கு வாங்கினோம். தள்ளும்போது மேலே பிடித்துத் தள்ளாமல், இடுப்புக்குக் கீழே தள்ளவேண்டும். பிளக்கைப் பிடுங்காமல் நகர்த்தவே கூடாது என்று இலவச இணைப்பாக இரண்டு உபதேசம்.

பில் போடும்போது கேட்டேன். "அப்போ இழைப்புளிக்கு ரிடையர்மெண்டா மச்சான்?"

"அதெப்படி? கோணிப்போன பலகையை இதுல விட்டா, ரோலர் அமுக்கும்போது நேரா நிக்கும். வெளியில வந்ததும் பழையபடி கோணிக்கும். முதல்ல ஒரு பக்கத்தைக் கையால சமம் பண்ணித்தான் விடணும்."

இண்டர்வியூவில் நேராக நின்று, வேலை கிடைத்ததும் கோணிக்கொண்ட சிலர் என் நினைவுக்கு வந்தார்கள்.

"தோள் தாங்குமா?"

"பத்துல ஒரு பங்கு வேலைதானே? தாங்கும்" என்றவர் கொஞ்சம் பேசாமல் இருந்தார். "அதுவும் இல்லேன்னா, நான் என்னத்துக்கு மாப்ளே? மெஷினுக்குக் காவலா?"

நான் பதில் சொல்லவில்லை. மெஷின் மீன்பாடி வண்டியில் ஏறியது. லாரி ஆபீஸ் வரைக்கும் மச்சான் கூடவே நடந்தார், அதன் மேல் ஒரு கையை வைத்தபடி.

அடுத்த வாரம் ஃபோன். "உங்க அக்கா ஒத்தக் கையால தள்ளி உள்ள விடறா மாப்ளே! இனிமே சங்கிலியைத்தான் மீட்கணும்."

சந்தோஷமாக மனைவியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, துடைப்பத்தோடு சோபா அருகில் வந்தாள்.

"அந்தச் சக்கரம் எழுபத்தஞ்சு கிலோ தாங்கும்னீங்களே, நாலு வாங்கி இந்த சோபாவுக்கு மாட்டினா என்ன? பெருக்கறதுக்கு சௌகரியமா இருக்கும்."

"எதுக்கு? சோபா கனமே இல்லையே!"

"சோபா கனமில்லைதான்" என்று, அதில் படுத்திருந்த என்னைப் பார்த்தாள்.