மிளகாய் நண்டும் அரைப் பக்க ஒயினும்

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையோரம், குடும்பம் குடும்பமாக வந்து நண்டு உடைக்கும் கடலுணவகம் அது. ஊர் முழுக்கக் கிளைகள். ஒயின் பட்டியலோ அரைப் பக்கம். முதல் இரண்டும் வெறும் ‘ஹவுஸ் ஒயிட்’, ‘ஹவுஸ் ரெட்’. நாடு, திராட்சை எதுவும் இல்லை. பாடகர் பெயர் சொல்லாமல் நான் பாட்டுப் போட்டால் நேயர்கள் விடுவார்களா?

கிளாஸ் 16 வெள்ளி. சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி சேர்ந்தால் 19ஐத் தாண்டும். புட்டிக்கு மது வரியே சுமார் 8 வெள்ளி என்பதால் விலையை மன்னிக்கலாம்.

மிளகாய் நண்டுக்குச் சிவப்பு ஒயின் ஒத்துவராது. துவர்ப்பு காரத்தோடு மோதும். ஆல்கஹால் கூடினால் நாக்கு இன்னும் எரியும். லேசாக இனிக்கும் ஜெர்மன் ரீஸ்லிங்தான் பொருத்தம். அது இல்லை. கடைசி வரியில் நியூசிலாந்தின் மால்பரோ சாவிஞோன் பிளாங்க் இருந்தது. அவித்த மீனோடு குடித்தால் எலுமிச்சை பிழிந்த மாதிரி. காரோட்ட வேண்டிய அண்ணன் லைம் ஜூஸோடு நிறுத்திக்கொண்டார்.

ஹவுஸ் ரெட்டை எடுத்துவிட்டு ஒரு ரீஸ்லிங் வைத்தால், அடுத்த முறை டாக்சியிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.