முற்றா நிலக்கரி

பீட் என்பதற்குத் தமிழில் 'முற்றா நிலக்கரி' என்று ஒரு கலைச்சொல் வழங்குகிறது. நீர் தேங்கிய சதுப்பில் விழும் இலையும் வேரும் கட்டையும் காற்றுப் படாததால் முழுதும் மக்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பழுப்புநிறச் சேறாகத் திரண்டுவிடுகின்றன. அதுவே பீட். நீலகிரியின் புல்வெளிகளை ஒட்டிய சதுப்புப் பள்ளங்களில் இன்றும் இதைக் காணலாம். மண்ணுக்கடியில் புதைந்து, அழுத்தமும் வெப்பமும் பட்டு, மிக நெடுங்காலம் கழிந்தால் பீட் பழுப்பு நிலக்கரியாகும். பின் கரிய நிலக்கரியாகும்.

ஆகவே அந்தக் கலைச்சொல் பிழையானதல்ல. ஆனாலும் அதில் ஒரு சாய்வு இருக்கிறது. ஒரு பொருளை, அது பின்னால் ஆகப்போகும் இன்னொரு பொருளின் பெயரால் அழைக்கிறோம். முற்றினால் எரியும், எரிந்தால் பயன் என்ற கணக்கு அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. கரியாக முற்றாமலேயே கல்லாகிப்போன ஒரு பீட்டைப் பற்றிச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அதன் பிறகு இந்தச் சொல்லைப் பழைய மனநிலையோடு உச்சரிக்க முடிவதில்லை.

அது இருக்குமிடம் அண்டார்டிகா. பியர்ட்மோர் பனியாற்றுக்கு அருகே, தென்துருவத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில், ஸ்கார் ரிட்ஜ் என்றொரு மலைமுகடு உள்ளது. அங்கே கிடைத்த கல்லான பீட்டைப் பற்றி அமெரிக்கத் தொல்தாவரவியலர் ஜேம்ஸ் ஷாப்ஃப் 1970-ல் எழுதினார். வயது 25 கோடி ஆண்டுகளுக்கு மேல். பெர்மியன் காலத்தின் பிற்பகுதி. அன்றும் அந்த நிலம் துருவத்துக்கு வெகு அருகில்தான் இருந்தது. ஆனால் இன்றுபோல் பனி மூடியிருக்கவில்லை. அங்கே காடு இருந்தது. ஆண்டில் சில மாதங்கள் சூரியனே மறையாத, சில மாதங்கள் சூரியனே எழாத ஒரு காடு. நம் ஐந்திணைகளில் எதிலும் அதற்கு இடமில்லை. அங்கே சிறுபொழுது என்பதற்கே பொருள் வேறாகிவிடும்.

அக்காட்டின் தலைமை மரம் குளோசோப்டெரிஸ். நாக்கு வடிவ இலை என்பதால் அடோல்ஃப் பிரோன்யார் 1828-ல் சூட்டிய பெயர் அது. பெயரில் பெரணி என்ற பொருள் இருந்தாலும் அது விதைத் தாவரம். இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா, அண்டார்டிகா என இன்று கடல்கள் பிரித்துவைத்திருக்கும் நிலங்களிலெல்லாம் அதன் இலைத்தடங்கள் கிடைக்கின்றன. இவை ஒரு காலத்தில் ஒரே நிலம் என்பதற்கான பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று. 1912 பிப்ரவரியில், துருவத்தை எட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட்டின் குழு பியர்ட்மோர் பனியாற்றின் மேற்பகுதியில் நின்று இலைத்தடம் பதிந்த கற்களைச் சேகரித்தது. பசியும் பனிக்கடியும் அவர்களைத் தின்றுகொண்டிருந்த நாட்கள் அவை. அவ்வாண்டு நவம்பரில் கூடாரத்தில் உடல்களைக் கண்டெடுத்தபோது ஏறத்தாழ 16 கிலோ கற்களும் உடன் கிடைத்தன. சாகும்வரை அவர்கள் அந்தச் சுமையை விடவில்லை. 1914-ல் கேம்பிரிட்ஜின் சீவர்ட் அவற்றை ஆராய்ந்து, அந்த இலைகள் குளோசோப்டெரிஸ் என்று உறுதி செய்தார்.

இலைத்தடம் என்பது ஒரு நிழல் மாத்திரமே. ஸ்கார் ரிட்ஜில் கிடைத்தது நிழலல்ல. எரிமலைச் சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா சதுப்பு நீரில் கலந்து, அழுகுவதற்கு முன்பே, நசுங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து இறுகிவிட்டது. அதே மலைத்தொடரில் நிலக்கரிப் படிவங்களும் உண்டு. அவையும் அத்தகைய சதுப்புக் காடுகளே. ஆனால் பீட் கரியாகும்போது பல மடங்கு ஒடுங்கிவிடுகிறது. இலை எது, வேர் எது, வேரைத் தின்ற பூஞ்சை எது என்ற பேதமெல்லாம் பெரும்பாலும் அதில் கரைந்துபோகிறது. கரி காட்டின் ஆற்றலை வைத்துக்கொண்டு காட்டை மறந்துவிடுகிறது என்று சொல்லலாம்.

இந்தக் கல்லை வாசிக்கும் முறையும் அழகானது. வைர ரம்பத்தால் அறுத்துப் பளபளப்பாக்கிய பரப்பை ஹைட்ரோஃப்ளுவோரிக் அமிலத்தில் சிறிது நேரம் வைப்பார்கள். அமிலம் சிலிக்காவைச் சற்றே அரிக்க, செல்சுவர்கள் மட்டும் துருத்தி நிற்கும். மேலே அசிட்டோனை ஊற்றி, மெல்லிய அசிட்டேட் தாளை விரித்து, காய்ந்தபின் உரித்தெடுத்தால் காட்டின் ஒரு படலம் தாளோடு வந்துவிடும். மறுபடி தேய்த்து, மறுபடி உரிக்கலாம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டெய்லர், எடித் டெய்லர் ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் பல்லாண்டுகள் இவ்வாறு பக்கம் பக்கமாக அந்தக் கற்களை வாசித்தார்கள்.

அவற்றில் என்ன இருந்தது? குளோசோப்டெரிஸின் வேர் இருந்தது. முதுகெலும்புபோல் கணுக்கணுவாகத் தோன்றியதால் அதன் தடங்களுக்கு வெர்டிப்ரேரியா என்று 19-ம் நூற்றாண்டிலேயே பெயரிட்டிருந்தார்கள். கல்லான வேர்களை அறுத்துப் பார்த்தபோது, அந்தக் கணுக்களுக்கு இடையே இருந்தவை காற்றறைகள் எனத் தெரிந்தது. நீரில் மூழ்கிய மண்ணில் மூச்சுவிட ஏற்ற அமைப்பு. வேர் செல்களுக்குள் பூஞ்சை இழைகள் குடியிருந்தன, இன்றைய மரங்கள் பலவற்றின் வேர்களில் குடியிருப்பதுபோலவே. மரத்தைக் குடைந்து தின்ற நுண்ணிய உண்ணிகளின் எச்ச உருண்டைகள்கூட அந்தத் துளைகளுக்குள் அப்படியே கிடந்தன.

மரங்களின் வளையங்களும் பேசின. அதே வட்டாரத்தில், அகெர்னார் மலையில், வேரூன்றிய நிலையிலேயே கல்லான அடிமரங்கள் கிடைத்தன. அவற்றின் ஆண்டு வளையங்கள் வியக்கத்தக்க அகலம் கொண்டவை. வளையத்தில் கோடைக்காலத் தளர்செல்களே நிறைந்திருக்க, பருவ முடிவின் இறுகிய செல்கள் மிகச் சிலவே இருந்தன. மரம் ஒளியுள்ள நாளெல்லாம் ஓயாமல் வளர்ந்து, இருள் கவிந்ததும் சட்டென்று நின்றிருக்கிறது. இதைப் பற்றி 1992-ல் வெளியான கட்டுரையின் தலைப்பு, நிகழ்காலம் கடந்தகாலத்துக்குத் திறவுகோல் அல்ல என்று பொருள்படும். நிகழ்காலமே கடந்தகாலத்தின் திறவுகோல் என்பது நிலவியலின் மூத்த வாக்கு. இன்றைய உலகில் எந்தத் துருவத்தருகிலும் அப்படியொரு காடு இல்லை என்பதால் அந்தத் தலைப்பு நியாயமானதே. இருள்காலத்தில் எல்லா மரங்களும் இலையுதிர்த்தனவா, சில பசுமையாகவே நின்றனவா என்ற விவாதம் அதன் பின்னும் தொடர்ந்தது.

இதையெல்லாம் வாசிக்கும்போது என் தந்தையின் நினைவு வராமல் இருந்ததில்லை. அவர் வடசென்னையில் ஓர் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றியவர். ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் வந்த கரி அது. தால்சேர் கரியும் குளோசோப்டெரிஸ் காடுகளின் கரியே. ஸ்கார் ரிட்ஜைவிடப் பழையது, துருவத்திலிருந்து சற்றுத் தள்ளி வளர்ந்த காடுகளுடையது. அந்தக் காடு எரிந்துதான் எங்கள் வீட்டுக்கு விளக்கெரிந்தது, அடுப்பும் எரிந்தது. அப்பா மறைந்தபின் பதினாறாம் நாளன்று வந்தவர்களெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "மூணு பிள்ளைங்களையும் கரையேத்திட்டுப் போனார்." உண்மை. அதைவிடச் சுருக்கமாகவும் பெருமையாகவும் ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியாது. ஆனால் அது கரி. முற்றி, ஒடுங்கி, பயன் மட்டும் மிஞ்சிய அப்பா.

அவருடைய பழைய பாக்கெட் டைரிகள் என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும் கப்பல் வந்த நாள், ஷிஃப்ட் மாறிய நாள். நடுவே திடீரென்று ஒரு வரி: "கன்வேயர் மேடையில் மைனா. 3 முட்டை." பதினோரு நாள் கழித்து: "2 குஞ்சு." யாருக்காகவும் எழுதப்படாதவை. எதற்கும் பயன்படாதவை. பெண்ணின் கல்யாணச் செலவை எண்ணிக்கொண்டிருந்த ஒரு மனிதர் பணி நேரத்தில் அண்ணாந்து பார்த்திருக்கிறார் என்பதை அந்த இரு வரிகளன்றி வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை. உண்ணியின் எச்சத்தைக் கண்டு அந்த ஆய்வாளர்கள் ஏன் அவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்பது அந்த டைரியைக் கையில் வைத்திருக்கும்போது எனக்கு விளங்குகிறது.

குளோசோப்டெரிஸ் காடுகள் ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் முடிவின் பேரழிவில் மறைந்தன. சைபீரியாவில் பெருகிய எரிமலைக் குழம்பு அதன் பெருங்காரணமாகக் கருதப்படுகிறது. அக்குழம்பு வழியிலிருந்த நிலக்கரிப் படிவங்களையும் எரித்துக் காற்றில் கரியமிலவாயுவை நிறைத்தது என்பதற்குச் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. அதன் பிறகு சுமார் ஒரு கோடி ஆண்டுகள் உலகில் எங்குமே நிலக்கரி உருவாகவில்லை. பீட் சேரும் சதுப்புக் காடுகளே இல்லாமல் போயின. பிறகு மெல்ல அவை திரும்பின. அதே பியர்ட்மோர் வட்டாரத்தில் ஃப்ரீமோ சிகரத்தில் கிடைக்கும் டிரையாசிக் காலப் பீட்டும் ஸ்கார் ரிட்ஜைப் போலவே செல் செல்லாகக் கல்லாகியிருக்கிறது. ஆனால் அதில் குளோசோப்டெரிஸ் இல்லை. வேறு மரங்கள், வேறு வேர்கள். காடு திரும்பி வந்தது. அந்தக் காடு வரவில்லை.

நிலக்கரியை எரிக்காதீர்கள் என்று உபதேசிக்கும் தகுதி அந்தக் கரியில் சோறு உண்டு வளர்ந்த எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் எரிப்பது எதை என்று அறிந்து எரிக்கலாம் அல்லவா? முற்றா நிலக்கரி என்ற பெயரை மாற்றவேண்டும் என்றும் நான் சொல்லவரவில்லை. முற்றாமல் நிற்பதும் ஒரு கதிதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஸ்கார் ரிட்ஜின் பீட் எந்த அடுப்பிலும் எரியாது. அதனால்தான் இருள் வரும்வரை ஓயாமல் வளர்ந்த ஒரு மரத்தின் கடைசிக் கோடையை இன்றும் அதில் எண்ணிப் பார்க்க முடிகிறது.